46 வயதில் பழைய சாம்பியன் திரும்ப முடியுமா?

வாளையார் அண்ணனுக்கு,

முன்னாள் டென்னிஸ் கிளப் சாம்பியன், வயது 46, இரண்டு வருடமாக முதல் சுற்றிலேயே பையன்களிடம் தோல்வி, சர்வீஸில் ஏகப்பட்ட டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளியை இழப்பது), விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சரிவு எதனால் என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

எல்லோரும் அமெரிக்க வீரர் அகாசியைச் சொல்வார்கள். 1997 கடைசியில் உலகத் தரவரிசையில் 141-ஆம் இடத்துக்கு இறங்கியவர், 1999-இல் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். ஆனால் இறங்கியபோது அவருக்கு 27தான். அது வயதுப் பிரச்சினையே இல்லை. உங்களுக்குப் பொருந்துகிற ஆள் சுவிட்சர்லாந்து வீரர் ஃபெடரர். 90 சதுர அங்குல முகப்புள்ள மட்டையை விட்டுப் பெரிய 97-க்கு மாறினார், 2016-இல் முழங்காலுக்காக அரை வருடம் ஒதுங்கினார், 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் 35 வயதில் நடாலை ஐந்து செட்டில் வென்றார். பழைய ஆட்டத்தையே பிடித்துத் தொங்கவில்லை.

தோள் வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் சர்வீஸ் அடிக்கும்போது பந்தைக் கொஞ்சம் தாழ்வாகத் தூக்கிப் போடுங்கள். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது உயரமாகப் போட்ட பந்து எங்கே இறங்கும் என்று அதற்கே தெரியாது. (பையன்களுக்கும் அதே காற்றுதான், ஆனால் அவர்கள் எட்டி அடித்துவிடுகிறார்கள்.) இரண்டாவது சர்வீஸுக்கு வேகம் வேண்டாம், சுழல் போதும்.

ஒற்றையர் கோப்பை இனி கஷ்டம் என்றே நினைக்கிறேன். இரட்டையர் வேறு கதை. குடகுக்காரர் ரோகன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றபோது வயது 43. உங்களை அடித்த பையன்களில் நல்லா ஓடுகிற ஒருத்தனைக் கூட்டாளியாகக் கேட்டுப் பாருங்கள்.