பழைய டர்ன்டேபிளுக்குப் புதிய பாகங்கள்: கேள்வி-பதில்

1960, 70-களில் வந்த டர்ன்டேபிள்களுக்கு (இசைத்தட்டு சுழற்றும் கருவிகளுக்கு) இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. அசல் கம்பெனி கைவிட்டதை வேறு யாரோ செய்து விற்கிறார்கள். எதை முதலில் மாற்றுவது, ஒன்றை மாற்றினால் வேறு எதைத் திரும்பச் சரிபார்ப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். எங்கள் வரிசை இது: முதலில் இயந்திரம் சரியான வேகத்தில், இரைச்சல் இல்லாமல் சுற்ற வேண்டும். அடுத்து ஊசியும் அதன் அமைப்பும். மேட் (தட்டுக்கு அடியில் போடும் விரிப்பு), கால், கேபிள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவிலிருந்து வந்த தோரன்ஸ் டிடி 160. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பாட்டு இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. பெல்ட் மாற்றியும் அப்படியே இருக்கிறது.

பெல்ட் மேல் பழி இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தொடாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இதிலுள்ள 16 துருவ சின்க்ரனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 450 சுற்று சுற்றும், 50 ஹெர்ட்ஸில் 375 தான். அதனால் நிமிடத்துக்கு 33⅓-இல் சுற்ற வேண்டிய தட்டு 27.8-இல் சுற்றுகிறது.

தீர்வு இரண்டு. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் ஷாஃப்டில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) வாங்கிப் போடுவது. அதன் விட்டம் இப்போதுள்ளதைவிட 1.2 மடங்கு இருக்கும். உங்கள் மோட்டார் ஷாஃப்டின் தடிமனை வெர்னியர் வைத்து அளந்து சொல்லி வாங்குங்கள். போடும்போது, பெல்ட் உள் பிளாட்டரின், அதாவது தட்டைத் தாங்கிச் சுற்றும் வட்டின் உள்பகுதியின், நடுவில் ஓடும்படி புல்லியின் உயரத்தை வைக்க வேண்டும். உயரம் தப்பினால் பெல்ட் ஏறி இறங்கி விளிம்பில் உரசும். இன்னொன்று, 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் எலக்ட்ரானிக் மோட்டார் சப்ளை. செலவு கூடுதல்தான், ஆனால் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தும் வசதி கிடைக்கும்.

புது பெல்ட் மாட்டுவதற்கு முன் புல்லியையும் உள் பிளாட்டரின் விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய ரப்பரின் கறுப்பு மாவு துணியில் ஒட்டாமல் போகும்வரை துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே பெல்ட் வழுக்கும். வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கான ஸ்ட்ரோப் தட்டால் பாருங்கள், வேகம் சரியென்றால் அதன் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 33⅓-க்கு அதில் 180 கோடுகள் இருக்கும். சீரான எல்இடி வெளிச்சத்தில் கோடுகள் நிற்பதே தெரியாது. மெயின்ஸில் எரியும் நியான் விளக்கு வேண்டும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 வைத்திருக்கிறேன். ஆர்டோஃபோன் 2எம் ரெட், டெனான் டிஎல்-103, இந்த இரண்டு கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் பாகம்) எது பொருந்தும்?

இரண்டும் ஓடும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எந்த ஆர்முக்கும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) இதே கணக்குதான். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி உணரும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றின் எடையையும் கிராமில் கூட்டிக்கொள்ளுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்ற அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுத்தால் ஆர்மும் ஊசியும் சேர்ந்து ஆடும் அதிர்வெண் வரும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால், வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஆர்மைத் துள்ள வைக்கும், வூஃபர் உள்ளேயும் வெளியேயும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். மேலே போனால் பாட்டின் தாழ்ந்த பேஸ் ஒலிகளில் குறுக்கிடும்.

இந்த ஆர்ம் 12 கிராம், ரெட் 7.2, திருகுக்கு 1, மொத்தம் 20.2. ரெட்டின் கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ், விளிம்பில் நிற்கிறது. லேசான ஹெட்ஷெல் (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பாகம்) போட்டால் உள்ளே வந்துவிடும். டெனானின் எடை 8.5 கிராம், கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்த ஜப்பானியக் கணக்கு. நம் கணக்குக்கு ஏறத்தாழ இரட்டிப்பாக, 10 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விடை 10.8, நல்ல இடம். ஆனால் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான். இது போன்ற எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கான வசதியுள்ள போனோ ஸ்டேஜோ (கார்ட்ரிட்ஜின் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாமல் போதுமான சத்தம் வராது. ஊசி தேய்ந்தால் தனியாகக் கழற்றி மாற்றவும் முடியாது. முதல் மாற்றமாக இருந்தால், ஊசியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய எம்எம் (மூவிங் மேக்னட்) வகையையே சொல்வோம். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசையில் ஒரே உடலில் சாதாரண கோனிக்கல் (கூம்பு) ஊசி முனையில் தொடங்கி நுண்ணிய மைக்ரோலீனியர் முனை வரை ஏறலாம்.

மாட்டும்போது ஊசிக்கு உறை இருக்கட்டும். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜ் பின்னில் சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் முடி போன்ற கம்பி அறுந்துவிடும். கிளிப் தளர்வாக இருந்தால் அதற்குள் பல்குச்சியை நுழைத்துக்கொண்டு மேலிருந்து மெல்ல அழுத்துங்கள், இறுகும், நசுங்காது. இந்த மாடலில் ஹெட்ஷெல்லின் ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. வர வேண்டும். அதன்பின் ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம் தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் திருகி) 0-இல் வைத்து, ஆர்ம் தரைக்கு இணையாக மிதக்கும்வரை பின் எடையைத் திருகுங்கள். எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். ரெட்டுக்கு 1.8 கிராம், ஆன்டி-ஸ்கேட்டும் 1.8. முடிவில் டிஜிட்டல் தராசில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெனானைத் தோரன்ஸ் டிடி 124-இல் போட நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு எச்சரிக்கை: அதன் அசல் பிளாட்டர் வார்ப்பிரும்பு. கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை நோக்கி இழுபடுவதால், தராசு காட்டிய அழுத்தத்தைவிடத் தட்டின்மேல் அழுத்தம் கூடும். காந்தம் ஒட்டாத மாற்றுப் பிளாட்டர்கள் விற்பது அதற்காகத்தான்.

லெங்கோ எல்75. ஆர்ம் ஒரு பக்கம் சாய்ந்து, தொட்டாலே தளதளக்கிறது. முழு ஆர்மையே மாற்றிவிடவா?

வேண்டாம். இது இந்த மாடலின் ஊரறிந்த வியாதி. ஆர்மின் கத்திமுனைகள் உட்காரும் இரண்டு வி வடிவ ரப்பர் கட்டைகள் வயதாகிப் பொடிந்துபோகும். நைலான், டெல்ரின், வெண்கலம் என்று பலவகை மாற்றுக் கட்டைகள் கிடைக்கின்றன. கத்திமுனை புதுசு போல இருந்தால் வெண்கலம் நன்றாக நிற்கும். கொஞ்சம் தேய்ந்திருந்தால் நைலானே பாதுகாப்பு. கடினமான உலோகத்தில் தேய்ந்த முனை கடகடக்கும். ஆர்மைத் தூக்கும்போது உள்ளே ஓடும் மெல்லிய கம்பிகளை இழுக்காதீர்கள். பிசின் போல ஒட்டியிருக்கும் பழைய ரப்பரை மரக்குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு கட்டைகளும் ஒரே மட்டத்தில் உட்காரும்படி அழுத்துங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது.

கையோடு ஐட்லர் சக்கரத்தையும் (மோட்டாரின் சுற்றைப் பிளாட்டருக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம்) பாருங்கள். பிளாட்டரின் அடிப்புறம், கூம்பு வடிவ மோட்டார் ஷாஃப்ட், சக்கரத்தின் ரப்பர் விளிம்பு மூன்றையும் துடைத்தபிறகும் சீராக ‘தட் தட்’ என்று கேட்டால் ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சக்கரம்தான் வழி.

தடிமனான அக்ரிலிக் மேட் போட்டால் ஒலி மேம்படுமா?

ஒலி மாறும். மேட்டின் தடிமன் மாறியதும் ஆர்மின் உயரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு, அந்த மாற்றத்தையே மேட்டின் குணம் என்று நினைப்பவர்கள் அதிகம். 230 மி.மீ. நீள ஆர்மில் 4 மி.மீ. உயர வித்தியாசம் ஊசியின் சாய்வை 1 டிகிரி மாற்றும். எஸ்எல்-1200-இல் ஆர்ம் அடியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் போதும். டிடி 160 போல ஸ்பிரிங்கில் தொங்கும் மாடல்களில் கனமான மேட்டும் ரெக்கார்ட் வெயிட்டும் சஸ்பென்ஷனையே கீழே இறக்கிவிடும். அங்கே தவிர்ப்பது நல்லது.

டெக்னிக்ஸின் ஆர்சிஏ வயரை மாற்றினேன். இப்போது ஹம் வருகிறது, உச்ச ஒலிகளும் கூர்மையாகக் கேட்கின்றன.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஹம் வந்தால் எர்த் வயரைப் பாருங்கள். அது தனிக் கம்பியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகுக்குப் போக வேண்டும். அதை ஒரு சேனலின் மைனஸோடு உள்ளேயே இணைத்துவிடும் வழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கூர்மைக்குக் காரணம் பெரும்பாலும் கெப்பாசிடன்ஸ் (கேபிளும் போனோ ஸ்டேஜும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு). விஎம்95 கார்ட்ரிட்ஜ்கள் கேட்பது 47 கிலோ ஓமும் 100 முதல் 200 பிகோஃபாரடும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள கேபிள் 1.5 மீட்டர் இருந்தால் அதுவே 150. போனோ ஸ்டேஜில் இன்னொரு 100 இருந்தால் எல்லை தாண்டிவிட்டது. கேபிளைக் குறையுங்கள், அல்லது குறைந்த கெப்பாசிடன்ஸ் உள்ளதாக வாங்குங்கள். விலையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அட்டையில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

டூயல் 1219-இல் ஆர்ம் தானாக எழுகிறது, ஆனால் தட்டுப் பக்கம் போகாமல் அதே இடத்தில் இறங்கிவிடுகிறது.

ஸ்டோயர்பிம்பல் என்ற சின்னஞ்சிறு ரப்பர் குழாய் போய்விட்டது. ஆட்டோமேட்டிக் லீவரின் நுனியில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும். ஆர்மைப் பிடித்து உள்ளே நகர்த்துவது அதுதான். மாற்று விற்கிறது, சிலிகான் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகினாலும் வேலை செய்யும். கெட்டியாகிப்போன பழைய கிரீஸையும் துடைத்துவிடுங்கள், அதுவும் ஆர்மைத் தடுக்கும்.

கேரார்ட் 401-ஐ அணைக்கும்போது ஸ்பீக்கரில் ‘டப்’.

சுவிட்சின் தீப்பொறியை அடக்கும் கெப்பாசிடர் செத்துவிட்டது. அசல் மதிப்பிலேயே, எக்ஸ்2 பாதுகாப்பு வகையில், 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் உள்ளதைப் போடுங்கள். சாதாரண டிசி கெப்பாசிடர் அங்கே வெடிக்கக்கூடும். இது நேரடி மெயின்ஸ் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஷ்யூர் கார்ட்ரிட்ஜின் ஊசி தேய்ந்துவிட்டது. தூக்கிப் போடவா?

ஷ்யூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது, ஆனால் ஜப்பானின் ஜிகோ பல ஷ்யூர் மாடல்களுக்கு ஊசி செய்கிறது. மல்டிமீட்டரில் இரண்டு சேனலின் ஓம் அளவும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் உடல் நன்றாக இருக்கிறது. ஊசியை மட்டும் வாங்குங்கள்.

தாத்தா காலத்து 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) எல்பி ஊசியிலேயே போடலாமா?

கூடாது. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான்; 78-க்கு வேண்டியது சுமார் 76. சிறிய முனை அந்த அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும், அதுவும் சீக்கிரம் தேயும். விஎம்95 உடலுக்கு எஸ்பி என்ற 78 ஊசி கிடைக்கிறது. ஆர்டோஃபோனில் 2எம் 78 தனிக் கார்ட்ரிட்ஜாக வருகிறது. ஊசியை மாற்றியதும் அழுத்தத்தையும் அதற்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு மாற்றுங்கள். லெங்கோ எல்75-இல் 78 வேகம் உண்டு, டிடி 160-இலும் எம்கே2-இலும் கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் போடுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடி எடுக்கும் இரைச்சல் இரண்டு சேனலும் சேரும்போது கழிந்துபோகும். தட்டைக் கழுவ ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் வேண்டாம். 78 தட்டு அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் கரையும். டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு டிஷ் வாஷ் திரவம் கலந்து, பள்ளம் போகும் திசையிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, லேபிளை நனைக்காமல் உடனே துடைத்து, செங்குத்தாக நிறுத்தி உலர விடுங்கள்.