அடையாற்றங்கரையிலிருந்து தொடங்கலாம்: போர் வரலாறு படிக்க விரும்பும் வாசகருக்கு

கேள்வி: வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு வேறு துறையில் பணிபுரிகிறேன். போர் முறைகள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதை முறையாகப் படிக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. காணொளிகளில் ஆயுதங்களின் பட்டியலும் தளபதிகளின் வீரமுமே கிடைக்கின்றன. ஐரோப்பியர் இந்தியாவில் வென்றதற்கு அவர்களுடைய துப்பாக்கியும் பீரங்கியும் காரணம் என்று ஒரு சாரார் சொல்ல, உள்ளூர்த் துரோகமே காரணம் என்று மற்றொரு சாரார் அடித்துப் பேசுகிறார்கள். ராணுவப் பின்புலம் இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது? எதை நம்புவது? தமிழில் படிக்க ஏதேனும் உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ராணுவத்தில் பணியாற்றியவருக்குச் சில விஷயங்கள் எளிதில் விளங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கட்டாயத் தகுதி அன்று. தொடக்கத்திலேயே உலகப் போர் முறைகளின் முழு வரலாற்றையும் படித்துவிட முயல்வதுதான் பலரும் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம். கிரேக்கக் காலாட்படையிலிருந்து ஆளில்லா விமானம் வரை ஒரே மூச்சில் படித்தால் பெயர்கள் மட்டுமே மனத்தில் தங்கும். அதற்கு மாறாக ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டு, அதை ஆறு மாதமானாலும் அடிமுதல் நுனிவரை படியுங்கள். அந்தப் போர் நடந்த நிலத்தை நீங்கள் நேரில் பார்க்க முடிய வேண்டும். அதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவுகளில் ஒன்றேனும் உங்களுக்கு மொழிபெயர்ப்பின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திவருவதால் 1746ஆம் ஆண்டின் அடையாற்றுப் போரை நான் பரிந்துரைக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1746 செப்டம்பரில், லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னையைக் கைப்பற்றியது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தலையிடாமல் இருப்பதற்காக, பிடிபட்ட ஊரை அவரிடமே ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸ் சொல்லியிருந்தார்; அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. நவாப் தம் மூத்த மகன் மாபூஸ்கானைப் படையுடன் அனுப்பினார். அவர் கோட்டையைச் சூழ்ந்து, அதற்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஊற்றைப் பிடித்துக்கொண்டபோது, உள்ளிருந்து ஏறத்தாழ நானூறு பேர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்து அவர் படையைச் சிதறடித்தார்கள். பின்வாங்கிய மாபூஸ்கான், புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த துணைப்படையை மறிப்பதற்காகச் சாந்தோம் பக்கம் நகர்ந்து அடையாற்றின் வடகரையில் நின்றார். சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளரான பாரதி (Paradis) என்ற பிரெஞ்சுத் தளபதி, ஐரோப்பியரும் சிப்பாய்களும் சேர்ந்து ஆயிரம் பேரளவே இருந்த தம் படையுடன் தென்கரைக்கு வந்து, கோட்டையிலிருந்து உதவி வரட்டும் என்று காத்திராமல், ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு பயனெட்டுடன் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) பாய்ந்தார். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடி, அங்கும் சுடப்பட்டு, கலைந்தது. அந்தப் படையில் பத்தாயிரம் பேர் இருந்ததாகப் பெரும்பாலான நூல்கள் சொல்லும்.

இதைப் படித்தவுடன், துப்பாக்கிதான் காரணம் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நவாபிடமும் துப்பாக்கி இருந்தது, பீரங்கியும் இருந்தது. அவருடைய வீரர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் எரியும் திரியைக் கொண்டு வெடிக்கவைக்கும் திரித்துப்பாக்கிகள். நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதில் அவை சளைத்தவை அல்ல. பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சக்கிமுக்கித் துப்பாக்கியோ நூறு கெஜத்துக்கு அப்பால் எங்கே சுடும் என்று சுடுபவருக்கே தெரியாது. அதன் பலம் வேறிடத்தில் இருந்தது. காகிதத் தோட்டாவைக் கடித்து, மருந்தை இட்டு, குண்டைத் திணித்து, உயர்த்திச் சுடுவது வரையிலான அத்தனை அசைவுகளையும் மாதக்கணக்கில் கவாத்து (படைப்பயிற்சி) செய்த ஒரு வீரர் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடுவார். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் நின்று, ஒரு பிரிவு சுடும்போது மற்றொரு பிரிவு மருந்திட்டுக்கொண்டிருந்தால், எதிரே வரும் குதிரைப்படைக்கு இடைவெளியே கிடைக்காது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கி முனையைச் சுற்றிப் பொருத்தும் பயனெட் வந்தபின், குதிரையைத் தடுக்கத் தனியாக ஈட்டிக்காரர் தேவைப்படவில்லை. ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்தார். ஆகவே அடையாற்றில் வென்றது கவாத்து என்று சொல்வதே பொருந்தும். அந்தத் துப்பாக்கியைப் பயிற்சியில்லாத ஆயிரம் பேரிடம் கொடுத்திருந்தால் ஆற்றின் நடுவிலேயே வரிசை குலைந்திருக்கும். அன்று அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இனத்தின் வீரம் பற்றிய பழைய பேச்சுக்கு இடமே இல்லாமல் போகிறது.

மறுகரையில் நின்றவர்கள் ஏன் ஓடினார்கள் என்ற கேள்விக்கு இதைவிடக் கூடுதல் நேரம் செலவிடுங்கள், ஏனெனில் போர் வரலாற்றில் தோற்ற தரப்பைப் பற்றிய பக்கங்கள்தாம் பெரும்பாலும் அவசரமாக எழுதப்பட்டவை. அக்காலத்து நவாபுகளின் குதிரைவீரர்களில் பலர் சொந்தக் குதிரையுடன் வேலைக்கு வந்தவர்கள். குதிரை செத்தால் பிழைப்பும் போயிற்று. சம்பளமோ மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். தளபதி யானைமேல் அமர்ந்திருப்பார். எல்லோரும் அவரைக் காண முடியும் என்பது அதன் பயன், அவர் விழுந்தாலோ விலகினாலோ அதையும் எல்லோரும் காண்பார்கள் என்பது அதன் கேடு. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் யானைமீதே கொல்லப்பட்டபோது அவருடைய படை நிலைகுலைந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தன் முதலீட்டையும் உயிரையும் காத்துக்கொண்டு விலகிய அந்தக் குதிரைவீரரைக் கோழை என்று எழுதுவது எளிது. அவருடைய இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்தது விவேகமான காரியமாகவே தெரியும்.

அடுத்து, சான்றுகளை எடைபோடுவது. உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்கு நெருக்கமாக இருந்து, பின்னர் தலைமைத் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் இடையீட்டாளருமான) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு அச்சில் கிடைக்கிறது. சென்னை அரசு 1904 முதல் 12 தொகுதிகளாக வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. 1746 செப்டம்பர் தொடங்கி அவ்வாண்டின் இறுதி வரையிலான பகுதியை மட்டும் முதலில் படித்தால் போதும். ஆனால் பிள்ளை போர்க்களத்தில் இருந்தவர் அல்லர். புதுச்சேரிக்கு வந்த கடிதங்களையும் ஆட்கள் சொன்னதையும் எழுதினார். துய்ப்ளேக்ஸ்மீது மதிப்புக் கொண்டவர். ஆகவே ஆற்றங்கரையில் எந்தப் பிரிவு எங்கே நின்றது என்பதற்கு அவரை நம்ப வேண்டியதில்லை. நவாபுக்கு என்ன பேசி அனுப்பினார்கள், யார் யாரிடம் பணம் வாங்கினார்கள், வெற்றிச் செய்தி ஊருக்குள் எப்படிப் பரவியது என்பவற்றுக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

படிக்கும்போது தேதிகள் உங்களைக் குழப்பும். பிரெஞ்சுப் பதிவில் இந்தப் போர் 1746 நவம்பர் 4ஆம் நாள் நடந்தது. ஆங்கிலப் பதிவில் அதே நாள் அக்டோபர் 24. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியதால் வந்த 11 நாள் வேறுபாடு இது. பிள்ளையோ அட்சய வருடத்து ஐப்பசி என்று கணக்கு வைத்திருப்பார். இதைக் கவனிக்காமல் இரண்டு தனித்தனிச் சண்டைகள் நடந்ததாக எழுதிவிடுவது தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு நேரக்கூடிய விபத்து. எண்ணிக்கைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. பத்தாயிரம் என்ற எண் எவரும் தலையெண்ணி எழுதியதன்று. நவாபின் முகாமில் சமையற்காரர், புல் வெட்டுவோர், வியாபாரிகள் என்று போரிடாத கூட்டம் பெரிதாக இருக்கும். வென்றவர்கள் எதிரியின் எண்ணிக்கையைக் குறைத்து எழுத அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அடையாறு ஓரளவு பிடிபட்டபின் 34 ஆண்டுகள் தாண்டிப் பொள்ளிலூருக்கு வாருங்கள். அடையாற்றில் கற்ற பாடத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி பிரெஞ்சுக்காரரைப் பார்த்துத் தானும் சிப்பாய்ப் படை திரட்டியது. 1748இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அதை ஒழுங்குபடுத்தினார். யூசுப்கான் அந்தப் படையில் உயர்ந்து, பின்னர் அதே கம்பெனியை மதுரையில் எதிர்த்து நின்று, 1764இல் தூக்கிலிடப்பட்டார். இவ்வாறு கவாத்து எவருக்கும் தனிச்சொத்தாக நீடிக்கவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்தபோது, பெய்லியிடம் இருந்தவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள்தாம்; மொத்தத்தில் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அடையாற்றில் வென்ற அதே முறை இங்கே ஏன் தோற்றது?

மைசூரின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைத்தான் பலரும் விடையாகச் சொல்வார்கள். ராக்கெட்டுகள் பயன்பட்டன, மருந்து வண்டிகள் வெடித்ததும் பெய்லியின் அணிகள் குலைந்ததும் உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். ஆகஸ்டு இறுதியில் கொசத்தலை ஆற்றங்கரைக்கு வந்த பெய்லி, அன்றே கடந்துவிடாமல் இக்கரையில் முகாமிட்டார். இரவில் வெள்ளம் வந்தது. அவர் கடப்பதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. காஞ்சிபுரத்தில் பெரிய படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ, அங்கே சேர்த்துவைத்த தானியத்தையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுவரத் தயங்கி, உரிய நேரத்தில் அவருடன் சேரவில்லை. தோல்விக்குப்பின் அதே பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுத்தான் மன்றோ சென்னைக்குத் திரும்பினார். ஹைதரோ வேகமான குதிரைப்படையைக் கொண்டு செய்தியையும் உணவையும் அறுத்து, நாட்டுப்புறத்தைப் பாழாக்கி, கம்பெனிப் படைக்குப் பொதிமாடு கிடைக்காதபடி செய்தார். அவருடைய பீரங்கிகளை இழுத்தவை மைசூர் அரசே வளர்த்த அமிர்தமகால் மாடுகள். பீரங்கியின் வரலாற்றைப் படிப்பவர் அதை இழுத்த மாட்டின் வரலாற்றைப் படிக்காமல் விட்டால் பாதிதான் படித்தவர் ஆவார் என்பது என் கருத்து. (அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே பொள்ளிலூர்ப் பகுதியில் இரண்டாவது சண்டையும் நடந்தது, நூல்களில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.)

இதற்கு மறுபக்கமாக 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் நடந்த போரைப் படியுங்கள். வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்ட அயர் கூட் அங்கே ஹைதரை வென்றார். ஆனால் துரத்திச் செல்ல அவரிடம் போதிய குதிரையும் இல்லை, மாடும் இல்லை. கரையோரமாகக் கப்பலில் வந்த அரிசியை நம்பியே அவருடைய படை நகர்ந்தது. களத்தில் வென்றவர் போரை வெல்ல முடியாமலும், களத்தில் தோற்றவர் நாட்டைவிட்டு வெளியேறாமலும் அந்தப் போர் 1784 மங்களூர் உடன்படிக்கை வரை இழுத்தது. சென்னையில் தோற்றாலும் வங்காளத்திலிருந்து பணமும் ஆளும் அரிசியும் கடல்வழியே வரவழைக்க முடிந்ததுதான் கம்பெனியின் உண்மையான பலம். துரோகம் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். கட்சி மாறியவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். சம்பளம் ஒழுங்காகக் கிடைத்த பக்கம் ஆட்கள் போனார்கள் என்று கொண்டால் அந்தச் சொல் விளக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அது இல்லாமலே விளங்கிவிடும்.

இந்த மூன்று களங்களையும் படித்தபின்பே பொது விவாதங்களுக்குள் செல்லுங்கள். வெடிமருந்துக் காலத்தில் படைகள் மாறியதே ஐரோப்பிய அரசுகளையும் மாற்றியது என்று மைக்கேல் ராபர்ட்ஸ் 1955இல் பெல்ஃபாஸ்டில் ஆற்றிய உரையிலிருந்து ‘ராணுவப் புரட்சி’ பற்றிய விவாதம் இன்றுவரை நடந்துவருகிறது. கையில் மூன்று களங்களை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். போர் முறைகளை வில், வாள், துப்பாக்கி, விமானம் என்று படிப்படியாக ஏறும் ஏணியாக வரைந்து காட்டும் நூல்களைச் சற்று ஒதுக்கிவைக்கலாம்; பொள்ளிலூர் அந்த ஏணியில் எந்தப் படியிலும் நிற்காது.

இடங்களைப் பொறுத்தவரை, சென்னை செல்லும்போது சாந்தோமிலிருந்து குயிபிள் தீவு வழியாக அடையாற்று முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள். ஊர் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. இருப்பினும் ஐப்பசி மழைக்காலத்தில் அந்த ஆற்றில் இறங்கிக் கடப்பது எத்தகைய துணிச்சல் என்பது நேரில்தான் விளங்கும். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அக்காலத்துப் படைக்கலங்களைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர்ப் போரை வென்ற தரப்பு தீட்டுவித்த ஓவியம் இருக்கிறது. பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதையும் மருந்து வண்டி வெடிப்பதையும் அதில் காணலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1752 முதல் கம்பெனியின் ராணுவத் துறை ஆலோசனைக் குறிப்புகள் உள்ளன. அங்கே செல்வதற்கு முன் அச்சில் வந்த தொகுதிகளைப் படித்து, எந்த மாதத்து எந்தச் செய்தி வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். முதல் முறை போகும்போது போர்ச் செய்தியைக் கேட்காமல், மாடு, அரிசி, சம்பளம் ஆகிய மூன்றைப் பற்றிய கடிதங்களைத் தேடிப் படியுங்கள்.