செஃபாலூவில் கடற்கரையைத் தவிர என்ன இருக்கிறது?

தம்பி, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் செஃபாலூவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது, லீவு நாளில் கடற்கரையைத் தவிர அங்கே பார்க்க ஏதும் இருக்கா என்று கேட்டிருந்தீர்கள். நிறைய இருக்கு. நான் குடும்பத்தோடு சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் இருக்கிறேன், ரயிலில் ஒரு மணித்தியாலம் அளவுதான் என்பதால் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

முதலில் துவோமோவுக்குப் போங்கள், ஊரின் பெரிய தேவாலயம் அதுதான். வட பிரான்சிலிருந்து வந்த நோர்மன் வம்சத்துச் சிசிலி அரசர் இரண்டாம் ரூஜெரோ 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் தப்பி இந்தக் கரையில் ஒதுங்கியதற்கு அவர் வைத்த நேர்த்தி என்று ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். தன்னை இங்கேதான் அடக்கம் செய்யவேண்டும் என்று கருஞ்சிவப்புக் கல்லில் இரண்டு பேழைகள் வைத்திருந்தார், ஆனால் இறந்தபோது அவரைப் பலெர்மோவில்தான் அடக்கம் செய்தார்கள். அந்தப் பேழைகளையும் பிறகு பேரன் இரண்டாம் ஃபெடரிக்கோ பலெர்மோவுக்கு எடுத்துப்போய்விட்டார், அதில் ஒன்றில்தான் ஃபெடரிக்கோவே இப்போது இருக்கிறார்.

உள்ளே போனதும் நேராகப் பீடத்துக்கு மேலே பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்து 1148இல் முடித்த மொசைக், பொன் பின்னணியில் கிறிஸ்துவின் பெரிய உருவம். அவர் கையில் திறந்திருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன், இரண்டிலும் "உலகின் ஒளி நானே" என்ற அதே வசனம். அதைச் செய்தவர்கள் பைசாந்தியக் கலைஞர்கள், அதாவது கிழக்கு ரோமப் பேரரசைச் சேர்ந்தவர்கள். கூரை மரத்தில் இருக்கும் பழைய ஓவியங்களோ அரபுப் பாணி, ஏனென்றால் 858 முதல் 1063 வரை இந்த ஊர் அரபு ஆட்சியில் இருந்தது, அரசர் மாறினாலும் கைவினைஞர்கள் போய்விடவில்லை. என்னைக் கேட்டால் சிசிலியை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கட்டடம் போதும். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் லவத்தோயோ, பழைய சலவைத் துறை. படியிறங்கிப் போனால் சுவரில் இரும்புச் சிங்கவாய்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், வெயில் நேரத்தில் அங்கே போய் நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும். மந்த்ராலிஸ்கா மியூசியம் சின்னதுதான், ஆனால் அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனா வரைந்த பெயர் தெரியாத மனிதரின் ஓவியம் அங்கே இருக்கு, அந்தச் சிரிப்புக்காகவே போகலாம்.

ஊருக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாறைதான் லா ரொக்கா, 270 மீட்டர். ரூஜெரோ சனங்களைக் கீழே துறைமுகத்துக்குக் குடியேற்றும்வரை ஊர் அதன் மேலேதான் இருந்தது. மேலே கோட்டை இடிபாடுகளும் ரோமர்களின் தேவதை தியானாவின் பெயரில் மிகப் பழைய கோயிலும் உண்டு. வெயில் ஏறுமுன் வெளிக்கிடுங்கள், தண்ணீர் கட்டாயம், ரப்பர் செருப்போடு ஏறவேண்டாம்.

ஆகஸ்ட் 6 ஊர்த் திருவிழா. கடலுக்கு மேல் நீட்டிய வழுக்குமரத்தில் இளைஞர்கள் நடந்துபோய் நுனியில் இருக்கும் கொடியை எடுக்கப் பார்ப்பார்கள். அது உச்ச சீசன் என்பதால் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காது, அந்த மாலையை மட்டும் முதலே கேட்டு வையுங்கள்.

சீசன் முடிந்தால் பல ஹோட்டல்கள் பூட்டிவிடும், உங்கள் கன்ட்ராக்ட் எந்த மாதம்வரை, தங்குமிடம் அதோடு முடிகிறதா என்று கையெழுத்துக்கு முன்னே கேளுங்கள். லீவில் பலெர்மோ வந்தால் சொல்லுங்கள், மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் பலெர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரோசாலியாவிடம் போவோம். இங்கே நம்மவர்கள் சைவம், கத்தோலிக்கம் பார்க்காமல் அவவிடம்தான் நேர்த்தி வைக்கிறார்கள்.