சென்னையில் சிறு நாடகக் குழு: கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்தில் பிறந்து, சென்னையில் சிறு நாடகக் குழுக்களுக்கு ஒளியமைப்பும் கணக்கு வழக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள ஊர்களிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இப்போது நாடகத்தில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கீழக்கரைக்காரர், பெருங்குடியில் மென்பொருள் பணி: எங்கள் குழுவில் ஒன்பது பேர். முதல் காட்சிக்கு அரங்கம் நிறைந்தது. ஒரு மாதம் கழித்து நடத்திய இரண்டாம் காட்சிக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். நாடகத்தில் குறையா, விளம்பரத்தில் குறையா, ஐயா?

முதல் காட்சிக்கு வந்தவர்கள் உங்கள் உறவினர்களும் அலுவலக நண்பர்களும். அவர்கள் உங்களைப் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டார்கள். நாடகம் பார்க்க வருகிறவர்களை இனிமேல்தான் நீங்கள் தேடிச் சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைப்பதை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, ஊர்ப் பெரியவர்கள் நாடக நடிகர் சங்கத்துக்குப் போய், நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் யார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் யார், கோமாளியான பபூன் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். நாடகத்தன்று சாயங்காலமே பாயும் துண்டும் விரித்து இடம் பிடித்தாகிவிடும். பபூன் வந்து போய், ராஜபார்ட் பாடத் தொடங்கியதும், ஒருவர் மேடையேறி நூறு ரூபாய்த் தாளை ஊக்கால் அவர் சட்டையில் குத்துவார். அவர் பெயரும் தகப்பனார் பெயரும் ஒலிபெருக்கியில் வரும். அந்த நாடகம் அந்த ஊருக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. விடியும்வரை உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

சென்னையில் உங்கள் நாடகத்துக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. ஆகவே நூறு பேரோ இருநூறு பேரோ கொண்ட ஓர் ஊரை நீங்களே ஆள் ஆளாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒருமுறை ஒரு மொட்டை மாடியில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாடகம் நடத்தினோம். முதல் நாள் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூலின்மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்து, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பெயர், தொலைபேசி எண், குடியிருக்கும் பகுதி, அவ்வளவுதான் கேட்டிருந்தோம். மறுநாள் அந்த இருபத்துமூன்று பேரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். நாடகம் எப்படியிருந்தது என்று கேட்டால் எல்லோரும் நன்றாயிருந்தது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது என்று கேட்டோம். அடுத்த வாரக் காட்சிக்கு அவர்களில் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தாங்கள் சலித்த இடம் சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே வந்தவர்களும் உண்டு.

இன்னொன்று, ஒரு மாத இடைவெளி மிக அதிகம். பார்த்தவர் அடுத்தவரிடம் சொல்லும்போது, "இந்தச் சனிக்கிழமையும் இருக்கிறது" என்று முடிக்க முடிய வேண்டும். பெரிய அரங்கத்தை ஒருநாள் எடுக்கும் பணத்தில் சிறிய கூடமொன்றில் ஆறு சனிக்கிழமை நடத்தலாம் என்றால், நான் தயங்காமல் கூடத்தைத்தான் எடுப்பேன். நடிகர்களுக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் நான்காவது காட்சிக்குப் பிறகுதான் வசனம் வாயில் உட்காருகிறது.

ஏர்வாடி மாணவர்: இன்ஸ்டாகிராமில் மட்டும் விளம்பரம் செய்தால் போதாதா?

போதாது, தம்பி. அங்கே விருப்பக்குறி இடுகிறவர் தம் விரலை மட்டும்தான் அசைக்கிறார். இடம், நேரம், சீட்டு விலை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லும் ஒரே ஒரு படத்தைத் தயார் செய்து, உங்களை அறிந்த ஐம்பது பேருக்குத் தனித்தனியாக, அவரவர் பெயரைச் சொல்லி அனுப்புங்கள்.

இராமநாதபுரம், கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர்: சீட்டு விற்றால் வரிச் சிக்கல் வருமா? குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?

முதலில், இலவசமாக நடத்துவதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்பது இருக்கையும் இருநூறு ரூபாய்ச் சீட்டும் என்றால், நிறைந்த காட்சிக்குப் பதினாறாயிரம் ரூபாய் வரும். கூடத்து வாடகை, விளக்கு வாடகை, சாமான் ஏற்றிவரும் டெம்போ, சாப்பாடு ஆகியவை போக மிஞ்சுவது சொற்பம்தான் என்றாலும், அந்தச் சொற்பத்தையும் நடிகர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். கையில் ஐந்நூறு ரூபாய் வாங்கிய நடிகர் ஒத்திகைக்குத் தாமதமாக வருவது குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாடகத்துக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. பெரும்பாலான சிறு குழுக்களின் சீட்டு விலை அதற்குள்தான் அடங்கும். பதிவைப் பொறுத்தவரை, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவு செலவு, நிகழ்ச்சிகளின் துண்டறிக்கைகளும் படங்களும் அடங்கிய ஒரு கோப்பு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பேணுங்கள். ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றைத்தான் கேட்பார்கள். அந்தத் தொகை வந்தால் மகிழ்ச்சி. அதை நம்பி வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டாம். உதவித்தொகை கைக்கு வரும்வரை கடன் வாங்கி நடத்திய குழு ஒன்று, நல்ல நடிகர்கள் இருந்தும், என் கண்முன்னே கலைந்துபோனது.

திருப்பாலைக்குடி இளைஞர்: நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மைதான். ஆங்கிலேயர் 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழியிலேயே 1954இல் சென்னை மாநிலமும் ஒரு சட்டம் இயற்றியது. 1978இல் பரீக்ஷா நாடகக் குழுவைத் தொடங்கிய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்தது. அரங்கப் பொறுப்பாளர்கள் சிலர் பழைய பழக்கத்தில் இன்னும் கேட்கக்கூடும் என்பதால், தீர்ப்பின் நகல் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். தெருவிலோ கடற்கரையிலோ நடத்துவதென்றால் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். அது வேறு விஷயம்.

தொண்டி, தமிழாசிரியை: சிறுகதைகளை நாடகமாக்க யாரிடம் உரிமை பெற வேண்டும்?

எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகளுக்கு அனுமதி தேவையில்லை. பாரதியும் புதுமைப்பித்தனும் அப்படிப்பட்டவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார், ஆகவே அவருடைய நாடகங்களும் பாடல்களும் எல்லோருக்கும் பொது. வாழ்கிற எழுத்தாளரின் கதையென்றால் எழுத்து மூலமாக அனுமதி பெற்று, சிறு தொகையாவது கொடுத்து, முதல் வரிசையில் இடமும் கொடுங்கள், அம்மா.

பாம்பன், மீனவ இளைஞர்: சென்னைக் குழு ஒன்றை எங்கள் ஊருக்கு அழைத்து வந்து நடத்தலாமா? எப்போது, எப்படி?

கட்டாயம் நடத்தலாம், அதில் எனக்கு மிகுந்த ஆசையும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் அப்போது யார் கையிலும் காசு புழங்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். எனவே அந்த நாள்களில் வரி பிரிக்காமல், சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் குழுவின் ரயில் கட்டணத்தைக் கேளுங்கள். தங்க இடமும் மீன்குழம்புச் சாப்பாடும் ஊர் கொடுத்தால் போதும்.

எந்தக் குழுவை அழைப்பது என்பதும் முக்கியம். திரையும் பத்துப் பன்னிரண்டு விளக்குகளும் இல்லாமல் நடிக்க முடியாத குழு கடற்கரையில் திணறிவிடும். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பயிற்சிப் பட்டறை நடத்திய பிறகு, உடலையும் குரலையும் மட்டும் நம்பி, பார்வையாளர் சுற்றி உட்கார நடுவில் நின்று நடிக்கும் முறை சென்னையில் வேரூன்றியது. அந்த வழியில் வந்த குழுக்கள் ஒரு தோள்பையோடு ரயிலேறி வந்துவிடுவார்கள்.

காற்றை மறக்க வேண்டாம். மே மாதக் கடைசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், எதிர்காற்றில் பேசுகிற நடிகரின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. காற்று நடிகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்வையாளர் பக்கம் அடிக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிக்கூடச் சுவரோ வலைக்கொட்டகையோ மறைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

அன்றிரவே, வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் நடிக்கும் நம் பக்கத்துக் கலைஞர்கள் இரண்டு பேரை அழைத்து, ஆர்மோனியத்தோடு அரைமணி நேரம் பாட வையுங்கள். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கிராமத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களிடமிருந்து கற்றதைத்தான் நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். சென்னைப் பிள்ளைகள் நம்மூர் ராஜபார்ட்டிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒத்திகையே இல்லாமல், அன்றுதான் சந்தித்த சக நடிகரோடு விடிய விடிய வாதாடும் ஆற்றல் நம்மூர்க் கலைஞர்களுடையது. அவர்களுக்குரிய சம்பளத்தைப் பேசி, முன்பணம் கொடுத்து அழைப்பதுதான் முறை. கௌரவம் செய்கிறோம் என்று பொன்னாடையோடு அனுப்பிவிடக் கூடாது.

தங்கச்சிமடம், சென்னையில் கடை வைத்திருப்பவர்: எனக்கு நடிக்கத் தெரியாது. வேறு எந்த வகையில் உதவலாம்?

சீட்டை விலை கொடுத்து வாங்குங்கள்; தெரிந்தவர் என்பதற்காக இலவசச் சீட்டு கேட்காதீர்கள். அதற்குமேல் செய்ய மனமிருந்தால், கடைக்கு மேலே காலியாகக் கிடக்கும் மாடியை வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஒத்திகைக்குக் கொடுங்கள். சென்னையில் சிறு குழுக்களை முடக்குவது நடிப்புக் குறைபாடோ கதைப் பஞ்சமோ அல்ல. ஆறு பேர் கைகால் நீட்டி நின்று ஒத்திகை பார்க்க ஓர் அறை கிடைக்காததுதான். பூங்காவிலிருந்து காவலாளி விரட்ட, ரயில் நிலைய நடைமேடையின் கோடியில் நின்று வசனம் சொல்லிப் பார்த்த நாள்கள் எங்களுக்கு உண்டு. ஒரு மின்விசிறியும் ஒரு குடம் தண்ணீரும் உள்ள மாடியைக் கொடுப்பவர், நான் அறிந்தவரையில், பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுப்பவரைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

மண்டபம், ஒரு தாயார்: என் மகள் வேலையோடு நாடகக் குழுவிலும் சேர்ந்திருக்கிறாள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா? இரவில் தாமதமாக வருகிறாள் என்பதும் கவலையாக இருக்கிறது.

மேடை வருமானத்தை மட்டும் வைத்துச் சென்னையில் குடும்பம் நடத்துவது கடினம், அம்மா. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. பள்ளிகளில் நாடகப் பயிற்சி, பின்னணிக் குரல், திரைப்பட நடிப்புப் பயிற்சி என்று சேர்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்த்துகலைப் பள்ளி இருக்கிறது. அதுவரை வேலையை விட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இரவுப் பயணம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஒத்திகையை ஒன்பது மணிக்குள் முடிப்பதும், பெண்கள் வீடு சேர்ந்த செய்தி வரும்வரை பொறுப்பாளர் விழித்திருப்பதும் நல்ல குழுவில் எழுதப்படாத விதி. அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு அந்த ஒத்திகை நடக்கும் இடத்துக்கு நேரில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பாருங்கள். தாயார் வந்து உட்காருவதை விரும்பாத குழுவாக இருந்தால், மகளை வேறு குழு பார்க்கச் சொல்லுங்கள்.