பால்வாடி டீச்சர் பதில்கள்

இந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாமே பிள்ளைகளின் பேச்சைப் பற்றித்தான். கடலூரில் கடற்கரைப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேர் எத்தனை மாறினாலும் ஊருக்கு நான் இன்னும் பால்வாடி டீச்சர்தான்.

கேள்வி: மூன்றரை வயது மகன், என் ஓரகத்தி வீட்டில் சாப்பிடும்போது, "பெரியம்மா, உங்க குழம்புல மீனே இருக்காதுன்னு அம்மா சொன்னாங்க. இன்னைக்கு இருக்கே!" என்று சொல்லிவிட்டான். எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே முடியவில்லை. (வாசகி, நெல்லிக்குப்பம்)

அவன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை அம்மா. "இன்னைக்கு இருக்கே" என்றானே, பெரியம்மாவுக்காகப் பரிந்து பேசியிருக்கிறான்! வீட்டுக்குள் பேசுவது வேறு, வெளியில் பேசுவது வேறு என்ற கணக்கெல்லாம் அந்த வயதுக்குக் கிடையாது. வளர வளரத் தானே வந்துவிடும். வந்த பிறகு இவ்வளவு நல்ல செய்தி உங்களுக்கு யார் கொண்டுவருவார்கள்? அவனைத் திட்டாதீர்கள். ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போங்கள். அவரும் சிரித்துவிடுவார்.

கேள்வி: மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்தபோது என் பேத்திக்கு நான்கு வயது. "எல்லாருக்கும் லட்சுமி ஆசீர்வாதம் பண்ணுச்சே, லட்சுமிக்கு யாரு தாத்தா பண்ணுவா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

புதுச்சேரியே திரண்டு வந்து லட்சுமியைக் கும்பிட்டு அழுததே ஐயா. "அவ்வளவு பேரும் சேர்ந்து பண்ணினாங்க கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னாலும் தப்பில்லை, பேத்தி மறந்திருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இறந்ததைத் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிவைக்காதீர்கள். செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பது நான்கு வயதில் முழுசாகப் பிடிபடாது. தூங்குகிறது என்றால் எப்போது எழுந்திருக்கும் என்று கேட்கும். சில பிள்ளைகள் அதற்கப்புறம் ராத்திரி தூங்கவே பயப்படும். "செத்துப்போச்சு, இனிமே வராது, நமக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று நேராகச் சொன்னால் தாங்கிக்கொள்வார்கள். நமக்குத்தான் வாய் வராது.

கேள்வி: "நேத்து பீச்சுக்குப் போலாம்" என்கிறாள் என் மகள். மூன்று வயது. திருத்தவா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

திருத்த வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள். நேற்று, நாளை இரண்டுமே அவளுக்கு "இன்றைக்கு இல்லை" என்பதுதான். "ரெண்டு தடவை தூங்கி எழுந்தா பீச்சு" என்று சொல்லிப் பாருங்கள், சரியாகப் புரிந்துகொள்வாள்.

கேள்வி: ராத்திரி ஸ்கூட்டரில் வரும்போது நிலா தன் கூடவே வருகிறது என்று பையன் அடம் பிடிக்கிறான். இப்போதே அறிவியலைச் சொல்லிவிடலாமா? (வாசகர், பாகூர்)

நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெனீவாவில் ழான் பியாஜே என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் இதையே கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அங்கேயும் நிலா கூடத்தான் வந்திருக்கிறது. அவர் பாடம் நடத்தவில்லை, மேலே மேலே கேள்விதான் கேட்டார். நீங்களும் கேளுங்கள்: "எதிர்ப்பக்கம் போறாரே அந்த மாமா, அவர் கூடவும் நிலா போகுதா?" பையன் யோசிப்பான். யோசிக்கட்டும். நம் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்றே ஒன்று உண்டு, குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. புலவர்கள் அத்தனை பேர் கெஞ்சியும் இறங்கி வராத நிலா, உங்கள் பையன் பின்னால் பாகூர் வரைக்கும் வருகிறது. அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: குறளைச் சொல்லாமல் மழலையைப் பற்றி எழுத உங்களால் முடியுமா? (வாசகர், பண்ருட்டி)

எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

கேள்வி: காக்காவை "தாக்கா" என்கிறான். நாங்களும் "தாக்காவா?" என்று கேட்டால் கோபம் வருகிறது. (வாசகி, கூத்தப்பாக்கம்)

வரத்தான் செய்யும். அவன் காதுக்குக் "காக்கா" சரியாகவே விழுகிறது, நாக்குதான் இன்னும் பழகவில்லை. நீங்கள் தப்பாகச் சொன்னதும் கேலி செய்கிறீர்கள் என்று தெரிந்துவிடுகிறது. அவன் எப்படிச் சொன்னாலும் நீங்கள் "ஆமா, காக்கா" என்று ஒழுங்காகச் சொல்லுங்கள், போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் நிறுத்தி "இன்னொரு வாட்டி சொல்லு" என்று செல்போனை நீட்டுவதும் வேண்டாம். அப்புறம் பிள்ளை பேசாது, நடிக்கும். எனக்கு அது பிடிக்காது, சொல்லிவிட்டேன்.

கவலைப்பட வேண்டியது வேறு. ஒன்றரை வயதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: உங்கள் பால்வாடியில் கேட்டதில் மறக்க முடியாதது? (வாசகர், மஞ்சக்குப்பம்)

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இதையெல்லாம் குறித்துவைப்பேன். மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள் இல்லையா? வராத சினேகிதனுக்காக ஒரு பொடியன் எழுந்து "இல்லேன் டீச்சர்!" என்றான். எந்த இலக்கண வாத்தியார் சொல்லிக்கொடுத்தார் அவனுக்கு?

இன்னொன்று கடல் சமாச்சாரம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அந்தச் சமயத்தில் ஒருவனை அவன் அப்பா கொண்டுவந்து விட்டார். "அப்பா தொழிலுக்குப் போகலையாடா?" என்றேன்.

"கடலுக்கு லீவு விட்டுட்டாங்க டீச்சர்."

"யாருடா விட்டது?"

"கலெக்டர்."

மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறவர் அவர்தானே, கடலுக்கும் அவரே விட்டுவிட்டார். சரி, மீனுக்கும் லீவா என்று கேட்டேன். "மீனுக்கு எப்படி லீவு? அது வீட்டுல இருந்து குட்டி போடணும்" என்றான். தடை எதற்கு என்ற காரணம் கிட்டத்தட்ட அதுதான், இனப்பெருக்கத்துக்கு வழி விடுவது.

பக்கத்தில் இருந்த குட்டிப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஆயா மீன் விற்கிறவர். "மீன் குட்டி போடாது, சினைதான் வைக்கும்" என்றாள். அவன் குட்டி என்க, இவள் சினை என்க, கடைசியில் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்தேன். மறுநாள் அவள் சாட்சியோடு வந்தாள்: நியூஸ்பேப்பரில் சுற்றிய மீன் சினை, கவுன் பாக்கெட்டுக்குள். அன்றைக்கு அந்த வாடையில் சத்துமாவு உருண்டையை ஒருவரும் தொடவில்லை. பையன் மட்டும் அதை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "இது குட்டிதான், இன்னும் பொறக்கல" என்றான்.