இன்டைரக்ட் பிலிரூபின்: நெல்லை வாசகர் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, சஷ்டி விரதம், ஆறு நாளும் பால் பழம்தான். சூரசம்ஹாரத்தன்னைக்குக் காலையில ரத்தம் கொடுத்தேன். டோட்டல் பிலிரூபின் 2.4, அதுல டைரக்ட் 0.3. ஈரல் நொதி எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் நார்மல். மஞ்சள்காமாலையா?

பதில்: 2.4-ல் 0.3 போக 2.1 இன்டைரக்ட். பிலிரூபின் என்பது ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறமி. பழைய சிவப்பணு சிதைந்து வருவது இன்டைரக்ட். அதை ஈரல் மாற்றிவிட்டால் டைரக்ட். மாற்றுகிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். கில்பர்ட் என்பார்கள். பட்டினி கிடந்தால் அளவு ஏறும். ஆனால் அதற்குள் கில்பர்ட் என்று முடிவுகட்டாதீர்கள். ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த சிவப்பணு), எல்டிஎச் (செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) மூன்றும் பாருங்கள். ரெட்டிகுலோசைட்டும் எல்டிஎச்சும் ஏறி, ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் சிவப்பணு அளவுக்கு மீறி உடைகிறது. மூன்றும் சரியென்றால், வழக்கம்போல் சாப்பிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். கில்பர்ட்டில் பெரும்பாலும் 3-ஐத் தாண்டாது, மருந்தும் வேண்டாம்.

தென்காசி: டைரக்ட் 3.1. சிறுநீர் கட்டன்சாயா நிறம்.

பதில்: இது வேறு வியாதி. இன்டைரக்ட், ரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சிறுநீரில் இறங்காது, டைரக்ட்தான் இறங்கும். இன்றே டாக்டரைப் பாருங்கள்.

பாளையங்கோட்டை: நேத்து 1.7, இன்னைக்கு 0.9. ட்யூப் ஜன்னலோரம் ரொம்ப நேரம் இருந்துச்சு.

பதில்: வெளிச்சம் பட்டால் பிலிரூபின் சிதையும். 0.9-ஐ நம்பாதீர்கள். ட்யூபைக் கறுப்புத்தாள் சுற்றி வைக்கச் சொல்லி மறுபடி கொடுங்கள்.

வள்ளியூர்: டோட்டல் 1.6. கில்பர்ட்டா?

பதில்: டைரக்ட் எங்கே? டோட்டலை மட்டும் அனுப்பாதீர்கள்.

களக்காடு: டோட்டல் 1.9, பயமா இருக்கு.

பதில்: வள்ளியூருக்குச் சொன்னதேதான்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, மூணு நாள் கீழாநெல்லியை மோர்ல அரைச்சுக் குடிச்சேன், 1.1 ஆயிட்டு. மருந்து கேட்டிருக்குல்லா?

பதில்: அதே மூன்று நாளும் சோறும் சாப்பிட்டீர்கள். கில்பர்ட் என்றால் சோறே போதும், தானாக இறங்கும்.

சேரன்மகாதேவி: எங்க ஆச்சி காலத்துலருந்து இதுதான மருந்து! எத்தன பேருக்குச் சரியாயிருக்கு!

பதில்: ஆச்சி கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. காமாலை பலருக்குத் தானாகவே இறங்கும், பெயர் இலைக்குப் போகும். என் கவலை இறங்காதவர்களைப் பற்றி. பித்தக்குழாயில் கல் அடைத்தவரும், சிவப்பணு உடைகிறவரும் இலையை நம்பிப் பத்து நாள் இருந்துவிடுகிறார்கள். குடிப்பதானாலும் முதலில் டைரக்ட், இன்டைரக்ட் பிரித்துப் பாருங்கள்.

சேரன்மகாதேவி: அப்போ பத்தியம்?

பதில்: கில்பர்ட்காரருக்குப் பத்தியப் பட்டினிதான் எதிரி. மூன்று வேளையும் சாப்பிடுங்கள்.

நாங்குநேரி: பிள்ள பிறந்து 18 மணி நேரம். முகம் மஞ்சளா இருக்கு. இளவெயில்ல காட்டவா?

பதில்: வேண்டாம் தாயீ, இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். முதல் 24 மணி நேரத்தில் வரும் மஞ்சள் இயல்பானது அல்ல. பச்சைப்பிள்ளைக்கு இன்டைரக்ட் மிகுந்தால் மூளையில் படியும். நீல விளக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதை பிலிரூபின் அளவையும் பிறந்து எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். தாயின் ரத்த வகையையும் சொல்லுங்கள்.