ஊட்டியில் வளர்ந்தவன் நான், நீச்சலும் தெரியாது. ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், ஸ்கூபா டைவிங் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்தபடியே கூட்டிப்போகும் அறிமுக டைவ் இருக்கிறது. 12 மீட்டருக்குக் கீழே இறக்க மாட்டார்கள். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது, முடித்துவிட்டு வீடு திரும்புவதைப் பற்றி.

எனக்கு ஊர் குன்னூர். போன டிசம்பரில் மச்சானோடு காரில் கர்நாடகத்து முருடேஸ்வருக்குப் போய், அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவுக்குப் போனோம். உங்கள் ஆபீஸ் நண்பர்களும் உங்களை அங்கேதான் இழுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் காது. நமக்குக் காது அடைப்பது புதிதா என்ன, மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் வந்ததும் எச்சிலை விழுங்கினால் போச்சு என்ற மிதப்பில் இருந்தேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மொத்த மலையும் இறங்கினால் கூடுகிற அழுத்தம், கடலில் ஒன்றரை மீட்டர் சொச்சத்திலேயே வந்துவிடுகிறது. பத்து மீட்டரில் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். எனக்கு ஊரிலிருந்து கொண்டுபோன சளி வேறு. சளியோடு இறங்கவே கூடாதாம். நான் மறைத்துவிட்டேன், தப்புதான்.

பவளம் என்றால் நகைக்கடைச் சிவப்பில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாசி பிடித்த எஸ்டேட் பாறை மாதிரி பழுப்பாக இருந்தது. ஆனால் கிளி அலகுபோல வாயுள்ள ஒரு மீன் அதைச் சுரண்டித் தின்ன, டீக்கடையில் பக்கத்து ஆள் வர்க்கி கடிப்பதுபோல அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அதற்காகவே இன்னொரு முறை காசு கட்டி இறங்கினேன்.

இறங்கும் முன் படிவம் நிரப்பும்போது டைவ் மாஸ்டர் தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு ஃப்ளைட் இருக்கா அண்ணா?"

"இல்ல தம்பி, கார்லதான் போறோம்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல."

எந்த ஊருக்கு என்று கேட்கவே இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல்தான் வைத்திருப்பார்கள். உங்கள் ஊட்டியே 2,240 மீட்டர்! ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் கோலி சோடாவைத் திறந்ததும் குமிழ் பொங்குகிற கதைதான், மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை போகலாம். அதனால்தான் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறச் சொல்கிறார்கள். மலைக்கும் அதே கணக்குதான்.

நாங்கள் இரண்டாவது டைவ் முடித்தது பகல் பன்னிரண்டரைக்கு. இரண்டரைக்கு வண்டியை எடுத்தாயிற்று. பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடுவது 2009 முதல் இருப்பதுதான், எனக்கும் தெரியும். "சொல்லிக்கலாம் வா மாப்ள" என்றார் மச்சான். நள்ளிரவு தாண்டி செக்போஸ்ட் கேட் முன்னால் போய் நின்றோம். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வண்டியில் முடங்கி, காதுவலியில் தூக்கம் வராமல் போனை நோண்டியபோதுதான் இந்த 18 மணி நேரக் கணக்கே கண்ணில் பட்டது. வழி விட்டிருந்தால் பதினைந்து மணி நேரத்திலேயே குன்னூரில் இருந்திருப்பேன். அதுவரை திட்டிக்கொண்டிருந்த கேட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"அறிமுக டைவுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, பீதி கிளப்பாதே" என்று கிளம்பி வருபவர்களுக்கு: எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, சரி. சாயங்காலமே ஹாசன் பக்கம் 900 மீட்டருக்கு மேல் ஏறியும் விட்டேன், அதுவும் தெரியும். நான் டாக்டர் இல்லை. எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் போனால் அன்றிரவு கடற்கரையிலேயே தங்கிவிடுங்கள்.

ஆறு மணிக்குக் கேட் திறந்தது. அப்புறம் மாநில எல்லையில் இ-பாஸ். நீலகிரி நம்பர் வண்டிக்கு வேண்டாம், மச்சான் வண்டி கோவை நம்பர். பிறந்து வளர்ந்த ஊருக்குள் நுழைய நான் சுற்றுலாப் பயணியாம்! பின்னால் வரிசையில் ஹாரன் அலற, சிக்னல் இல்லாத போனில் பதிவு செய்து பாருங்கள், தெரியும். மச்சான் அப்போதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், "இரு, சொல்லிக்கலாம்" என்று.